வீடு திரும்புவீர்களா?

கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் எல்லைக் கதவின் முன்னால் குகதாசன் தன் கேரவனை நிறுத்தினார். ஓய்வு பெற்றதும் ஆசையாக வாங்கிய வண்டி. மனைவி மதிவதனியோடு கடற்கரைவரை போய்வர முதல் பயணம். அந்தக் கதவு எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்கும். வாய் சொல்வதை அது பொருட்படுத்தாது, மனதைத்தான் பார்க்கும்.

“வீடு திரும்புவீர்களா?”

“ஓம்” என்றார் குகதாசன். பச்சை விளக்கு எரிந்தது.

“ஓம்” என்றாள் மதிவதனி. சிவப்பு எரிந்தது.

குகதாசன் சிரித்துவிட்டார். “மெஷின் பிழை. திருப்பிக் கேக்கச் சொல்லுங்கோ” என்றார் காவலரிடம். கதவு மறுபடி கேட்டது. மறுபடியும் சிவப்பு.

“திரும்பும் எண்ணம் இல்லாதவரை உள்ளே விட முடியாது” என்று காவலர் கைவிரித்தார்.

“முப்பது வருசமா என்னோட வாழுறவள்! என்னை விட்டா அவளுக்கு ஆர் இருக்கினம்?” என்று குகதாசன் கத்தினார்.

மதிவதனி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “மெஷினை ஏசாதேங்கோப்பா. அது சரியாத்தான் சொல்லுது. நான் பொஸ்டனில அக்காவோட நிண்டிடலாமெண்டு இருந்தனான்.”

அவருக்குக் காது அடைத்துப்போயிற்று. “நான் என்னடி செய்தனான்?”

“ஒண்டும் செய்யேல்லை. ஒரு நாளும் என்னட்டை ஒண்டும் கேக்கவுமில்லை. இந்த வண்டியை வாங்கேக்கையும் கேக்கேல்லை.”

காவலர் காட்டிய வழியில் குகதாசன் வண்டியைத் திருப்பினார். நெடுந்தூரம் ஓட்டி வந்தபின், ஒரு பெட்ரோல் நிலையத்தருகே நிறுத்தி, அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“உனக்கு எங்க போகவேணும்? சொல்லு, கொண்டுபோய் விடுறன்.”

மதிவதனி அப்போதுதான் அழத் தொடங்கினாள்.