கோச்சின் மீசை

"மீசையையும் எடுத்துடவா சார்?"

"எடுத்துடுங்க. சுத்தமா எடுத்துடுங்க."

இருபத்தெட்டு வருடமாக வளர்த்த மீசை. பெற்ற பிள்ளையைக்கூடக் கோச் அப்படிச் சீராட்டியதில்லை. ஆனால் தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று ஓடி வந்தவருக்கு மீசையாவது ஒன்றாவது!

நேற்று அரையிறுதியில் அவருடைய ஹாக்கி அணி மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்துவிட்டது. ஜெயித்த அணியின் கோச்சுக்கு மாலை விழும். இவர்மேல் கல் விழுந்தது. ரசிகர்களின் செல்லப்பிள்ளை 'புயலை' முக்கால்வாசி ஆட்டம் வெளியே உட்கார வைத்துவிட்டு, யாருக்கும் தெரியாத ஒரு புதுப் பையனை இறக்கியிருந்தார். கூச்சல் தாங்காமல் கடைசியில் புயலை இறக்கினால், இரண்டே நிமிடத்தில் நடுவர் மஞ்சள் அட்டை காட்டி அவனை வெளியேற்றிவிட்டார். அந்தக் கோபமும் சேர்ந்து அணியின் பஸ் கண்ணாடி நொறுங்கியது. "கையில கிடைச்சா காலை உடைப்போம்" என்று இன்று விடிந்ததிலிருந்து ஓட்டல் வாசலில் கோஷம்.

புயலின் தொடைத் தசை கிழிந்திருந்தது. முழு ஆட்டம் ஓடினால் அவன் கதை முடிந்தது. அதை வெளியே சொன்னால் இறுதி ஆட்டத்தில் எதிரணி அந்தத் தொடையைத்தான் குறி வைக்கும். அதனால் கோச் வாயைத் திறக்காமல், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாக நழுவி, மூன்று தெரு தள்ளியிருந்த இந்தச் சலூனுக்குள் புகுந்துவிட்டார்.

கத்தி மேலுதட்டில் இறங்கியது. அதே நேரம் முதுகுக்குப் பின்னால் பெஞ்சிலிருந்து ஒரு கனத்த குரல் வெடித்தது.

"நேத்து ஜெயிச்சது நம்ம பசங்களாலதான். அந்தக் கோச்சால இல்ல!"

கோச் கண்ணாடியில் பார்த்தார். பெஞ்சில் இரண்டு பேர். இருவரும் மூக்கு வரை செய்தித்தாளை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். ஒரு தாளில், மீசையும் தானுமாக அவருடைய படமே அவரைப் பார்த்து முறைத்தது. கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"நடுவுல புயல், இடது பக்கம் நெட்டையன், வலது பக்கம் சிட்டு. இந்த மூணு பேரு முன்வரிசையில நின்னா எவன் தடுப்பான்? இதை எந்த மடையனாவது மாத்துவானா?"

"மாத்துவானா!" என்று மெல்லிய குரல் ஒத்து ஊதியது. "ஆனா அந்தப் புதுப் பையன் ரெண்டு கோல் போட்டானே... ஏதோ நல்லாத்தான் ஆடினான்..."

"என்னது?"

"ஐயோ, இல்லைங்க! குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச கதைதான்!"

"ரெண்டு பேரும் இருங்க, நான் காட்டறேன்" என்றார் சலூன்காரர். கோச்சின் முகத்துக்கும் கழுத்துக்கும் புதிதாக நுரையை அப்பினார். முகவாயில் கத்தி முனையால் ஒரு புள்ளி. "இவன் புயல்." இடது காதடியில் ஒரு புள்ளி. "இவன் நெட்டையன். சிட்டு பந்தை எடுத்துட்டு இப்படி வர்றான்..." வலது காதிலிருந்து கத்தி சரசரவென்று இறங்கியது. "புயல்கிட்ட தள்றான். அவன் வாங்கி..." கத்தியின் முதுகு தொண்டையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தது. "கோல்!"

கோச்சுக்கு எச்சில் விழுங்கவும் பயம். நாற்காலியின் கைப்பிடி வியர்வையில் வழுக்கியது.

"அந்தக் கோச் இப்ப கையில கிடைச்சா என்ன பண்ணுவீங்க?" என்று சலூன்காரர் பெஞ்சைக் கேட்டார்.

"ரெண்டு காலையும் உடைப்பேன்!"

"ஒண்ணை எனக்கு விடுங்க" என்றது மெல்லிய குரல்.

"சார் வாயே திறக்கலையே? நீங்க என்ன சொல்றீங்க?"

"அவனெல்லாம் ஒரு கோச்சா?" கோச் குரலை மாற்றிக்கொண்டார். "மாடு மேய்க்கக்கூட லாயக்கில்ல."

"அப்படிப் போடுங்க!" என்றது பெஞ்ச்.

அப்போது தெருவில் இரைச்சல். கொடியும் தகர டப்பாத் தாளமுமாக ஒரு கும்பல், "புயல்! புயல்!" என்று கத்திக்கொண்டு கடையைத் தாண்டிப் போனது. அது போகும்வரை கடைக்குள் ஒருவரும் மூச்சு விடவில்லை. செய்தித்தாள்கள் மட்டும் படபடத்தன.

"போயிட்டாங்களா?" கனத்த குரல் எழுந்தது. "சரி, நான் வரேன்."

"நானும்தான்" என்றது மற்றது. ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம் என்று விடுவிடுவென்று நடையைக் கட்டினார்கள்.

கோச்சுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "முரட்டு ஆளுங்கப்பா!"

சலூன்காரர் சிரித்தார். "யாரு, அவங்களா? பெரிய குரல்ல கத்தினாரே, அவருதான் நேத்து புயலுக்கு மஞ்சள் அட்டை காட்டின நடுவர். மீசையை எடுத்த பிறகும் வெளியே போகப் பயந்து காலையிலேருந்து இங்கேயே குந்தியிருந்தாரு. இன்னொருத்தர் அந்தப் புதுப் பையனோட அப்பா. ஒருத்தருக்கு ஒருத்தர் பயந்துகிட்டு அந்தக் கத்து கத்தினாங்க சார்!"

நேற்றிலிருந்து முதல்முறையாகக் கோச் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப புயலோட ரசிகர்னு இந்தக் கடையில ஒருத்தருமே இல்லையா?"

"ஏன் இல்லாம? முதல் வரிசையில உட்கார்ந்து நேத்து ஆட்டத்தைப் பார்த்த ஆளு நான் இருக்கேனே" என்ற சலூன்காரர், கத்தியைத் தோல்வாரில் நிதானமாகத் தீட்டிவிட்டு, அவர் தலையைப் பின்னால் சாய்த்தார். "ஆடாதீங்க கோச் சார், கழுத்து இன்னும் பாக்கியிருக்கு."