ஏழாம் நம்பர் கட்டில்

அரியணை வரிசையில் பதினோராவதாக நிற்பவளுக்கு எந்த ஜென்மத்திலும் அரியணை கிடைக்காது. ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோல்தான் கிடைக்கும். பகலில் தர்ம ஆஸ்பத்திரி, சாயங்காலம் நாடக மன்றம் என்று இளவரசிக்கு இருபது வருஷம் ஓடிவிட்டது.

இன்றும் ஆஸ்பத்திரியில் பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. கட்டிலுக்குக் கட்டில் புது விரிப்பு.

“ஒரு குறையும் இல்லை, இளவரசி,” என்றார் பெரிய டாக்டர், பல்லெல்லாம் தெரிய.

ஏழாம் நம்பர் கட்டிலில் ஒரு பெண் ஈனஸ்வரத்தில் முனகிக்கொண்டிருந்தாள். இளவரசி அவள் கையைப் பிடித்தாள்.

“இங்க நல்லாப் பாத்துக்கறாங்களா?”

“தெய்வம் மாதிரி பாத்துக்கறாங்கம்மா.”

அந்தக் குரல்! இளவரசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வாரம் இவள் மேடையில் செத்தபோது, முதல் வரிசையில் தேம்பித் தேம்பி அழுதது இளவரசிதானே! நாடகம் பக்கமே தலைவைத்துப் படுக்காத டாக்டர், இளவரசியின் மன்றத்திலிருந்தே ஆள் பிடித்திருக்கிறார்.

ரத்தம் கொதித்தது. குனிந்து, காதோடு காதாகக் கேட்டாள். “நடிக்க வேற இடமே கிடைக்கலையா? இந்தக் கட்டில்ல இருந்தவங்க எங்கே?”

“எலும்பும் தோலுமா இருக்காங்கன்னு, பின்னாடி சாமான் ரூம்ல தரையில போட்டிருக்காங்க.” நடிகையின் கண்ணில் நீர் திரண்டது, மேடையில் ஒருநாளும் இப்படித் திரண்டதில்லை. “அது எங்கம்மா. நான் ஒழுங்கா நடிச்சாத்தான் கட்டிலைத் திருப்பித் தருவாங்களாம்.”

இளவரசி விருட்டென்று டாக்டர் பக்கம் திரும்பப் போனாள்.

“டாக்டர் பாக்கறாரு,” என்று அவசரமாகக் கிசுகிசுத்தாள் நடிகை. “கொஞ்சம் சிரிங்கம்மா.”