சூப்பர்வைசரின் ஏர் ஃபில்டர்

யேசுரத்தினம் ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, சைடு கவரைத் தாமே கழற்றித் தரையில் வைத்துவிட்டு, உள்ளே விரலை நீட்டினார்.

"லே ரதீஷே, இது என்னலே?"

ரதீஷின் கையிலிருந்த ஸ்பானர் டீ கிளாசுக்குள் விழுந்தது.

விரலுக்கு நேராக இருந்தது ஏர் ஃபில்டர். மாட்டியவன் அவன். மாட்டச் சொன்னவள் அவன் மனைவி சஜிதா. எதற்காக என்று இந்த மனிதருக்குத் தெரிந்தால், நாளை முதல் சஜிதாவுக்கு வேலை கிடையாது.

சஜிதாவுக்கு அருமனையை அடுத்த அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புக்குத் தொலி உரிக்கும் வேலை. ஒரு கொட்டகை நிறையப் பெண்கள். பேசக்கூடாது, காலை நீட்டக்கூடாது, போனை எடுக்கக்கூடாது. பிடிபட்டால் அரைநாள் சம்பளம் போச்சு. கேமரா வைத்தால் கரண்டு செலவாகும் என்று முதலாளி யேசுரத்தினத்தை வைத்திருந்தார். நினைத்த நேரத்தில் பைக்கில் வந்து எட்டிப்பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். பழைய கார்புரேட்டர் வண்டிதான். ஆனால் பூனை மாதிரி வந்து நிற்கும்.

"அந்த வண்டிய எப்பிடியெங்கிலும் ஒண்ணு சத்தம் போட வையிங்க," என்றாள் சஜிதா ஒருநாள், அவன் தட்டில் கேட்காமலே இன்னொரு துண்டு மீனை வைத்து.

அவசரப்பட்ட மெக்கானிக் என்றால் சைலன்சரில் கைவைத்திருப்பான், போலீசும் பிடித்திருக்கும். ரதீஷ் வண்டி புகைவிடும் பக்கம் போகவில்லை. மூச்சை இழுக்கும் பக்கம் போனான்.

கம்பெனிக்காரன் வைத்த ஏர் ஃபில்டர் பெட்டி தூசியை மட்டும் தடுப்பதில்லை. கார்புரேட்டர் காற்றை உறிஞ்சும் சத்தத்தையும் அதுதான் அமுக்கி வைத்திருக்கிறது. பெட்டியைத் தூக்கிவிட்டு, கார்புரேட்டரின் வாயிலேயே ஒரு கூம்பு ஃபில்டரைச் செருகினால் போதும். ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம், கல்யாணப் பந்தி மொத்தமும் ஒரே நேரத்தில் பாயசத்தை உறிஞ்சியதுபோல் ஒரு சத்தம் வரும்.

யேசுரத்தினத்திடம் ரதீஷ் சத்தத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. வேகத்தைப் பற்றி மட்டும் பேசினான்.

"சாரே, வண்டிக்கு மூச்சு முட்டுது. இத மாட்டினா ஏத்தத்துல பறக்கும்."

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டுமே என்று மெயின் ஜெட்டையும் பெரிதாக மாற்றிக் கொடுத்தான். மைலேஜ் கொஞ்சம் அடிபடும் என்றும் நியாயமாகச் சொன்னான். யேசுரத்தினம் பேரமே பேசவில்லை. அதைத் தன் வாய்ச் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த மரியாதையாக ரதீஷ் எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து, ரப்பர் தோட்டத்து வளைவில் வண்டி முறுக்கும்போதே கொட்டகைக்குள் கால்கள் மடங்கின. போன்கள் இடுப்புக்குள் போயின. சாக்கில் சாய்ந்து கிடக்கும் சொர்ணம்மாள் எழுந்து உட்கார்ந்து, "வேலையப் பாருங்கட்டி!" என்று மற்றவர்களை அதட்டுவாள். யேசுரத்தினம் வந்து பார்த்து, எல்லாம் சரி என்று முதலாளிக்குப் போன் போடுவார். ரதீஷுக்குத் தினமும் நடுத்துண்டு மீன்.

நீட்டிய விரலை யேசுரத்தினம் இன்னும் மடக்கவில்லை.

"ஃபில்டரு, சாரே."

"ஃபில்டரு எனக்குத் தெரியாதா? அதுக்கு மேல என்னலே?"

மேலே இருந்தது மழை உறை. இடவப்பாதி மழை தொடங்கியதும் ரதீஷ் போட்டது. கூம்பு ஃபில்டர் நனைந்தால் வண்டி மூச்சடைத்து வழியில் நின்றுவிடும். அதனால் ஸ்பாஞ்சை எண்ணெயில் பிழிந்து, அதன்மேல் ரெக்சின் சுற்றி, அதுவரை கழற்றி வைத்திருந்த சைடு கவரையும் இறுக்கி மூடியிருந்தான். இத்தனையும் ஓசியில்.

"அது மழைக்கு சாரே. வெள்ளம் கேறாம இருக்க."

"களத்து."

"நனஞ்சா வழீல நிண்ணு போவும்."

"நிண்ணா நான் தள்ளிக்கிடுதேன். நீ களத்து."

ரதீஷ் வண்டியருகே உட்கார்ந்து உறையை உருவினான். அடுத்து ஃபில்டரைக் கழற்றச் சொல்வார். அதற்கடுத்து சஜிதாவின் பெயரைச் சொல்வார்.

"பழைய பெட்டி ஒடஞ்சு போச்சு சாரே," என்று முந்திக்கொண்டு ஒரு பொய்யைப் போட்டான்.

பெட்டி அவன் தலைக்கு நேர் மேலே ஆணியில் முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

யேசுரத்தினம் பெட்டியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அவனருகே குத்தவைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"மக்கா, நீ இந்த மழை உறையப் போட்டதுக்குப் பொறவு வண்டில சத்தமே இல்ல. நான் பாட்டுக்கு நேர உள்ள போயிட்டேன். ஒருத்தி அனங்கல்ல. சொர்ணம்மா கொறட்ட விடுதா. நான் பின்னாலேயே நடந்து வெளிய வந்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் நிண்ணு, நாலு மட்டம் செருமி, பொறவு புதுசா உள்ள போனேன். தெனமும் நடக்குத காரியமா இது? அம்புட்டு பேரையும் பிடிச்சுக் குடுத்தா, நாளைக்குத் தொலி உரிக்கதுக்கு ஆரு இருப்பா? நானா?"

ரதீஷ் உருவிய உறையைச் சுருட்டித் தூரப் போட்டான்.

யேசுரத்தினம் எழுந்தார். கிக்கரை ஒரு மிதி மிதித்து, ஆக்சிலேட்டரை முறுக்கினார். எதிர்க்கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகத்தில் இன்னும் முழுத் திருப்தி இல்லை.

"இதவிடப் பெரிசு உண்டா மக்கா? காத்து எதிர அடிச்சா, கடைசி வரிசைக்குக் கேக்கல்ல."