நூறு புள்ளி நான்கு

பொரிப்பு இயந்திரத்தின் திரையில் மறுபடியும் 100.4.

காலையில் அவள் தன் போனிலிருந்து வைத்தது 99.5. முட்டைகளுக்கு அந்தச் சூடு போதும்.

பதினோரு மணிக்கு மின்சாரம் போனது. கால் மணி நேரத்தில் வந்தது. எண் மாறியிருந்தது.

"திருமூர்த்தி உள்ள வந்தானா?"

முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஐந்து பெண்களும் இல்லையென்று தலையசைத்தார்கள்.

திருமூர்த்தி அவள் தம்பி. இந்தக் குஞ்சுப் பொரிப்பகத்தில் சரிபாதிப் பங்காளி.

பத்து நாட்களுக்கு முன்பு நாலாயிரம் குஞ்சுகள் ஒரு நாள் முந்தியே ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. தொப்புள் மூடவில்லை. பொழுது சாய்வதற்குள் பாதி செத்துவிட்டன. உள்ளே சூடு கூடியிருக்கிறது என்றார் கால்நடை மருத்துவர்.

அன்று, இதே பெண்களுக்கு முன்னால், தம்பியின் கையிலிருந்து பொரிப்பகச் சாவியைப் பிடுங்கினாள்.

"என்னைய வெளிய ஓட்டறதுக்குக் குஞ்சுகளக் கொல்றயாடா?"

"நா அந்த மிசினத் தொடவே இல்லக்கா."

அவள் வாசலைக் காட்டினாள்.

அதன்பின் அவன் சாலைக்கு அந்தப் பக்கம், தீவனக் கிடங்கின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான்.

மதியம், இயந்திரத்தை விற்ற கம்பெனியிலிருந்து நஸ்ரின் வந்தாள். மடிக்கணினியை இணைத்தாள். பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஆள் யாரும் மாத்தலீங்க. இதுக்குள்ள ரெண்டு எடத்துல அளவு இருக்குது. நீங்க போன்ல வெக்கிறது ஒண்ணு. உள்ள ஒரு ஃபைல்ல எழுதி வெச்சது ஒண்ணு. கரண்டு போய் வந்தா மிசின் ரெண்டையும் படிக்குது. ஃபைலைக் கடைசியாப் படிக்கறதால அதுதான் நிக்குது."

இத்தனை காலம் ஜெனரேட்டர் இருந்தது. இயந்திரம் அணைந்ததே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஜெனரேட்டர் பழுதானது.

"அந்த ஃபைல எழுதுனது அவந்தான?"

நஸ்ரின் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

அவள் பெயர்.

நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி.

அப்போது பழைய கொட்டகை. கதவிடுக்கில் மார்கழிக் குளிர் புகும். சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைப்போம் என்று அவளே உட்கார்ந்து தட்டியிருந்தாள். தம்பி அப்போது கல்லூரி விடுதியில் இருந்தான்.

நஸ்ரின் படிக்கும் வரிசையை மாற்றினாள். இனி போனில் வைப்பதுதான் கடைசி. இயந்திரத்தை அணைத்துப் போட்டுக் காட்டினாள்.

99.5.

"ரிப்போர்ட்டுல மிசின் கோளாறுன்னு மட்டும் எழுதுங்க" என்றாள் அவள்.

"எழுதி அனுப்பிட்டேனுங்களே."

"யாருக்கு?"

"பங்குதாரர் ரெண்டு பேருக்கும் தானாப் போயிருமுங்க."

தன் போனைத் திறந்தாள். எல்லாம் இருந்தது. பெயர், தேதி, அளவு.

ஜன்னல் வழியே பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் திருமூர்த்தி குனிந்து, போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வருவான் என்று நினைத்தாள். வந்து கத்துவான். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். பழைய சங்கதிகள் எத்தனையோ இருக்கின்றன.

அவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு கட்டைவிரல்களாலும் எதையோ தட்டினான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவளுக்குப் பின்னால், தட்டுகள் அடுக்கும் மேசையில் ஒரு போன் சிணுங்கியது.

உடனே இன்னொன்று.

பிறகு மிச்சமிருந்த மூன்றும்.

அவள் திரும்பினாள். பெண்கள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியாக அதே ரிப்போர்ட்டைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

படித்து முடித்தவர்கள் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

அவளை ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.