மீன்கள் ஓய்வெடுக்கின்றன

"சார், இன்னொண்ணும் மல்லாந்துடுச்சு!"

கண்ணாடித் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டபடி அலறினார் போர்மேன் சுருட்டை. தலையில் முடி இருந்த காலத்தில் வந்த பெயர் அது. முடி போன பிறகும் பெயர் போகவில்லை.

"கத்தாதய்யா! திருப்பிப் போடு" என்றார் மேனேஜர்.

"திருப்பிப் போட இது என்ன மெத்தையா சார்? மீன்!"

அந்தச் சாயப்பட்டறைக்கு அன்று கல்யாணக் களை. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி சோதனைக்கு வருகிறார். சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்று பின்கட்டில் பிரமாதமாக நின்றுகொண்டிருந்தது. நின்றதோடு சரி, ஓடி வெகுகாலம் ஆயிற்று. கரண்ட் செலவுக்குப் பயந்து முதலாளி நிறுத்தச் சொல்லிவிட்டார். கழிவுநீர் ஒருநாள் நீலமாகவும் ஒருநாள் சிவப்பாகவும் நேரே ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பட்டறைக்கு சீல் விழுந்தா, அதுக்கு முன்னாடி உன் வேலைக்கு சீல் விழும்" என்று முதலாளி காலையில்தான் போனில் ஆசீர்வாதம் செய்திருந்தார்.

மேனேஜர் லேசுப்பட்டவரா? கடையில் இருந்த தண்ணீர் கேன்களை ஒன்று விடாமல் வாங்கினார். மொட்டைமாடித் தொட்டியில் கொட்டினார். அங்கிருந்து ஒரு குழாயை இறக்கி, 'சுத்திகரிக்கப்பட்ட நீர்' என்று பச்சைப் பலகை மாட்டினார். குழாய்க்கு அடியில் கண்ணாடித் தொட்டி, தொட்டி நிறைய வண்ண மீன்கள். மீனே உயிரோடு நீந்துகிறது என்றால் அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்! நினைக்க நினைக்க அவருக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மீன்கள்தான் ஒத்துழைக்க மறுத்தன.

"கேன் தண்ணியில மீன் எப்படிய்யா சாகும்? கடைக்காரன் கிழட்டு மீனாப் பார்த்து உன் தலையில கட்டிட்டான்."

"வாங்கும்போது துள்ளிச்சு சார்."

"விக்கிற வரைக்கும் எல்லாம் துள்ளத்தான் செய்யும்."

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, கடையில இருந்த கேனையெல்லாம் நீங்களே வாரிட்டுப் போயிட்டீங்களாமே? கடைக்காரர் கையை விரிக்கிறார். பாப்பாவுக்குப் பால் பவுடர் கலக்க ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. குழாய்த் தண்ணியக் காய்ச்சிக்கட்டுமா?"

"ஐயோ, வேணாம்! அது ஆத்துத் தண்ணி!" மேனேஜர் பதறிவிட்டார். ஆற்றில் என்ன கலக்கிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? மிச்சமிருந்த ஒரே கேனை டிரைவரிடம் கொடுத்து வீட்டுக்கு விரட்டினார்.

டிரைவர் வெளியே போக, அதிகாரியின் ஜீப் உள்ளே வந்தது. ஒல்லியான அம்மாள். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கூர்மையான கண்கள்.

"வாங்க மேடம், வாங்க! ஏசி ரூம்ல உட்கார்ந்து ஒரு டீ..."

"டீ அப்புறம். முதல்ல தண்ணி" என்று அவர் நேராகப் பச்சைப் பலகைக்கு நடந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"என்ன சார், மீனெல்லாம் மல்லாந்து கிடக்கு?"

"ஓய்வெடுக்குது மேடம்."

"எல்லாமேவா?"

மேனேஜர் விழிக்க, சுருட்டை கைகொடுத்தார். "இப்பதான் மேடம் தீனி போட்டோம். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டும்பாங்க. மீனுக்கு இருக்காதா?"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "இந்தத் தண்ணியக் குடிக்கலாமா?"

இந்தக் கேள்விக்குத்தானே மேனேஜர் நேற்றிலிருந்து காத்திருந்தார்! தயாராக வைத்திருந்த டம்ளரில் பிடித்தார். ஒரே மடக்கு. இன்னொரு டம்ளர். மூன்றாவதை மேலே தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் அண்ணாந்து குடித்துக் காட்டினார்.

"தேவாமிர்தம் மேடம்! எங்க வீட்டுல என் கைக்குழந்தைக்கே இந்தத் தண்ணியிலதான் பால் கலக்குறோம்!"

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். சுருட்டையும் கூடவே இருமினார்.

அதிகாரி ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து மூடினார். "இது உங்க பட்டறையில இருந்து வர்ற தண்ணிதானே? மாத்திப் பேச மாட்டீங்களே?"

"சத்தியமா மேடம்! எங்கேயும் வந்து சொல்றேன்."

"சந்தோஷம். அப்ப என் வேலை முடிஞ்சுது."

மேனேஜருக்குக் கால் தரையில் பாவவில்லை. "அவ்வளவுதானா மேடம்?"

"அவ்வளவுதான். இதை இன்னொரு தண்ணியோட ஒப்பிட்டுப் பார்க்கணும்."

"எந்தத் தண்ணி மேடம்?"

"இங்க விக்கிற கேன் தண்ணி. உங்க பட்டறையத் தாண்டி, ஆத்துல மோட்டார் போட்டு உறிஞ்சித்தான் அதை அடைக்கிறாங்க. வடிகட்டினதுல சாயத்தோட நிறம் போயிருக்கு, விஷம் போகல. அது யார் விட்ட விஷம்னுதான் தெரியாம இருந்துது. ரெண்டு தண்ணியும் ஒண்ணா இருந்தா, நீங்க விட்டதுன்னு முடிவாயிடும்."

டம்ளர் கைநழுவி விழுந்து உருண்டது. அப்போது போன் அடித்தது.

"கேன் வந்துடுச்சுங்க!" என்றாள் மனைவி குதூகலமாக. "பாப்பாவுக்கு என்ன பசி தெரியுமா? ரெண்டாவது புட்டியும் காலி!"