தெல்மா வீட்டுக் கோழிக்குஞ்சு

நெரிடாவின் கம்பளிச் சட்டைப் பைக்குள் தெல்மா வீட்டுக் கோழிக்குஞ்சு ஒன்று கிடந்தது. களவாண்டது. ஒரு கையால் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையைப் பொத்தியபடி தெல்மாவின் தோட்டத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

குஞ்சு என்றால் கீச்கீச் என்று கத்துவது அல்ல. ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊர் உறைபனிக்கும் அசராத, சதைப்பிடிப்பான இலைகள் அடுக்கிய ஒரு செடி. தாயைச் சுற்றிக் கன்றுகள் மொய்ப்பதால் ஊரில் அதற்குக் 'கோழியும் குஞ்சும்' என்று பெயர். தெல்மா வைத்திருந்தது நுனி கறுத்த சிவப்பு ரகம். ஊரில் வேறு யாரிடமும் அது கிடையாது.

கேட்டுப் பார்க்காத ஆளும் கிடையாது. பாதிரியார் மனைவியே கேட்டுவிட்டாள். "கேட்டு வாங்குனது கருகிடும், களவாண்டதுதான் தழைக்கும்னு எங்கம்மா சொல்லுவாங்க. போயி வேற வேலையப் பாருங்க" என்று தெல்மா எல்லோரையும் விரட்டுவாள். கஞ்சத்தனத்துக்கு ஒரு பழமொழி வேறா என்று தோட்டச் சங்கத்துப் பெண்கள் முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வார்கள்.

அந்தச் சங்கத்துக்கு நெரிடாதான் தலைவி. 'செடிகளில் கை வைக்காதீர்கள்' என்று பலகை எழுதி வீட்டுக்கு வீடு நட்டவளும் அவளே. இன்று வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

"கேக் எடுத்துட்டு வரேன், நீ செடியப் பாத்துக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போன தெல்மா வெகுநேரம் வரவில்லை. வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் போட்டு, பொடிக்கல் கலந்த மண்ணில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும் என்று நெரிடாவின் மனசு சொல்லி முடிப்பதற்குள் விரல் கிள்ளிவிட்டது. இப்போது அந்த விரலைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

தெல்மா கேக்கோடு வந்து உட்கார்ந்தாள். "பெர்த்துக்கே போயிடறேன்டி. மகன் வந்து கூட்டிட்டுப் போறான். வீட்ட வித்தாச்சு."

"என்ன தெல்மா திடுதிப்புன்னு? செடியெல்லாம்?"

"மாநில எல்லைச் சோதனையில ஒரு இலையக்கூட விடமாட்டாங்க. புடுங்கிக் குப்பையில போட்டுருவாங்க. இங்கயே விட்டுட்டுப் போலாம்னா, வாங்குனவன் படகு நிறுத்தறதுக்குத் தோட்டம் முழுக்க சிமெண்டு போடப் போறானாம்."

தெல்மா செடிகளின் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு சாவியை மேசை மேல் வைத்தாள்.

"வீட்ட ஒப்படைக்கிற வரைக்கும் இது உங்கிட்ட இருக்கட்டும். அடுத்தவ பொருள்ல கை வைக்காத ஆளு இந்த ஊர்ல நீ ஒருத்திதான்." சொல்லிவிட்டு ஏனோ ஒரு பெருமூச்சு விட்டாள்.

நெரிடாவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலை. கையிலிருந்த கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். முப்பது வருஷச் சிநேகிதியிடம் போய்க் கை நீட்டிவிட்டோமே என்று செத்துவிடலாம் போல இருந்தது.

அதற்கு மேல் தாங்கவில்லை. பைக்குள் கைவிட்டு அந்தக் கன்றை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"மன்னிச்சிரு தெல்மா. நீ உள்ள போனப்பக் கிள்ளிட்டேன். சாவிய வேற யாருக்காவது குடு. எனக்கு அந்த யோக்கியதை இல்ல."

தெல்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் தொங்கிப்போனது, கண்ணில் நீர் கட்டியது. இனி இந்த வாசல்படி மிதிக்க முடியாது என்று நெரிடா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடிப் பாவி! ஒண்ணே ஒண்ணுதானா கிள்ளுன?"