ஆடு பேசிய தமிழ்

டி.வி.க்கு வலப்பக்கம், இரும்பு நாற்காலியில் மதலேனம்மாள். எதிரே பாயில் ரோசம்மாவும் இன்னும் சில பெண்களும். சுவரோர பெஞ்சில் ராஜப்பன், அவரை ஒட்டி நஞ்சப்பன். வாசற்படியில் லாரி டிரைவர் செபாஸ்டின். வடக்கே லோடு இறக்கிவிட்டு விடியற்காலைதான் வந்திருந்தார், துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் பாதி படுத்திருந்தார். மேசையில் நான், வெள்ளைத் தாளோடு.

மாதா கோவில் ஹாலில் அன்றைய பொம்மைப்படம் முடிந்திருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வருகிற படம் அது. தொப்பை பெருத்த ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், அவர் ஆபீசை விட்டு நகராத ஓர் ஆடு. டெல்லியில் வரைந்தது, பேச்செல்லாம் இந்தி. இந்த மாதத்தோடு டி.வி.யில் நிறுத்திவிடுகிறார்கள், இனி முழுநீளப் படங்களாகச் சினிமாக் கொட்டகைகளுக்கு வரும், தமிழ் பேசியும் வரும் என்று பேப்பரில் போட்டிருந்தது. ரசிகர்கள் கருத்து எழுதலாம் என்று போன வாரமே டி.வி.யில் முகவரியும் காட்டினார்கள்.

எங்கள் ஊர் சார்பாகக் கருத்து எழுதுவது என் வேலை. ரோட்டுக்கு எழுதியிருக்கிறேன். பஸ் நிற்க எழுதியிருக்கிறேன். கரண்டுக்கும் எழுதியாயிற்று. பதில் வந்ததில்லை. இதையும் எழுதித் தொலைப்போம் என்றுதான் உட்கார்ந்தேன்.

"அந்த ஆட்ட அத்தாம் பெரிய திரையில பாக்கறதுன்னா சும்மாவா!" என்றார் ராஜப்பன்.

"உனக்கென்ன, சைக்கிள மிதிச்சா பொம்மிடி கொட்டக. நாங்க வூட்டு வேலய அந்த ஆட்டுக்கிட்டயா குடுத்துட்டு வர்றது?" என்றார் ரோசம்மா.

நஞ்சப்பனுக்கு வேறு கவலை. அரைமணி சிரிக்கலாம், மூன்று மணி நேரம் எவன் சிரிப்பான், இழுத்து நீட்ட ஆட்டுக்கு டூயட்டு வைத்துக் கல்யாணமும் பண்ணிவிடுவான்கள் என்றார்.

மதலேனம்மாள் மட்டும் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் எனக்குத் தெரியும். காலையில் பூசை முடிந்ததும், மணிக்கூண்டுக்குப் பின்னால் என்னை நிறுத்திச் சொல்லியிருந்தார்.

"அல்போன்சு, படமே வேணாம்னு எழுதிருப்பா. தமிழ்ல வந்துச்சின்னா நா எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இந்த ஊர்ல இருப்பேன்? எனக்கு இந்தி தெரியாது."

பம்பாயில் இருந்த காலமெல்லாம் தமிழாட்கள் குடியிருப்பில் ஓர் இட்லிக் கடையில் மாவாட்டினாராம். வந்தவர் போனவர் எல்லாரும் நம் பக்கத்து ஜனம். புருஷன் போனபின் தகரப்பெட்டியோடு தம்பி வீட்டுக்குத் திரும்பினார். ஊர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஹாலுக்கு டி.வி. வந்த அன்று, இந்தி யாருக்குத் தெரியும் என்று பங்குச் சாமியார் கேட்டார். பம்பாய்க்காரி இருக்கிறாளே என்று அவரைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. அந்த நாற்காலி அன்று போட்டது.

அப்புறம் வாராவாரம் பொம்மைகள் வாயசைக்க, இவர் தமிழ் சொன்னார். பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்த வாரம், ஆடு அதை மாஸ்டரிடம் சொல்லி ஒப்பாரி வைத்தது. பஸ் நிற்காமல் போன வாரம், கண்டக்டரின் பரம்பரையையே இழுத்தது. ஹால் குலுங்கியது.

"ஓஞ்சி போயிட்டேம்ப்பா. சனிக்கெழமயானா ஆடு என்ன பேசும்னு நெனச்சே சோறு எறங்கல" என்றார். ஆனால் அந்த நாற்காலியை விட்டால் தம்பி வீட்டு அடுப்படி மூலைதான். அதையும் அவரேதான் சொன்னார்.

படம் வேண்டாம் என்று எழுத எனக்கு மனசுதான். ஆனால் நாலு பேர் சொல்வதைத்தானே எழுத முடியும்?

"படம் வேணுங்கறவங்க கையத் தூக்குங்க" என்றேன்.

ராஜப்பன் இரண்டு கையையும் தூக்கினார். நஞ்சப்பன் முனகிக்கொண்டே தூக்கினார். கடைசியில் ரோசம்மாவும் தூக்கினார். மதலேனம்மாள் குனிந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

வாசற்படியிலிருந்து, கண்ணைத் திறக்காமலே, செபாஸ்டின் குரல் கொடுத்தார்.

"படம் வரட்டும். தமிழ்ல வேணாம்னு எழுதுங்க."

ராஜப்பன் திரும்பிப் பார்த்தார்.

"இந்தியிலயே வரட்டும். அக்காவ பெஞ்சுல நடுவுல உக்கார வெச்சி, சுத்தி நாம உக்காந்துக்கலாம். எப்பவும்போல அவங்க தமிழ் சொல்லட்டும்."

"கொட்டகக்காரன் கத்துவான்டா" என்றார் நஞ்சப்பன்.

"கத்தட்டும். தமிழ்ல பேசற ஆட்டுக்குத் தக்காளி வெல தெரியுமா?" என்றார் ரோசம்மா.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் மதலேனம்மாளைப் பார்க்கவும் இல்லை. எல்லாரும் அணைந்து கிடந்த டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுதினேன். படம் இந்தியிலேயே வர வேண்டும் என இவ்வூர் ரசிகர்கள் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறார்கள். படித்துக் காட்டினேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மதலேனம்மாளும் போட்டார்.

உறையை என்னிடமிருந்து வாங்கி, பசை தடவி, உள்ளங்கையால் நிதானமாக அழுத்தினார். பொம்மிடி ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட்டுவிடுவதாகச் செபாஸ்டின் கை நீட்டினார். மதலேனம்மாள் உடனே கொடுக்கவில்லை.

"ஏம்ப்பா செபாஸ்டினு, வடக்கயே சுத்தறயே. அங்கெல்லாம் என்னத்தப் பேசிச் சமாளிக்கற?"

"கைய காட்டறதுதாங்க்கா. இந்தியில எனக்கு ஒரு வார்த்த வராது."

போன மாதம் அதியமான்கோட்டை ரோட்டோர ஓட்டலில், ஒரு பஞ்சாப் டிரைவரோடு இதே செபாஸ்டின் இந்தியில் மூச்சுவிடாமல் சண்டை போட்டார். பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தது நான்.

மதலேனம்மாள் கொடுத்த உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செபாஸ்டின் லாரியைக் கிளப்பினார்.